பற்று வேறு, பட்டா வேறு

கௌதள்ளி என்ற பெயர் தமிழ்ச் செய்தித்தாள் வாசகர்களின் கண்ணில் பட்டிருந்தால், அது பெரும்பாலும் வீரப்பன் செய்திகளில்தான் இருக்கும். அதுவும் கோபிநத்தம், ராமாபுரம், பாலாறு என்ற பெயர்களுக்கு நடுவே ஓரமாக. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே அவர் சுட்டுக்கொல்லப்பட்டு இருபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. ஆனாலும் 2023இல் மட்டும் அவரைப் பற்றி இரண்டு ஆவணத் தொடர்கள் வந்து வீடுவீடாக ஓடின. இரண்டிலும் இந்த நிலப்பகுதி மீசைக்குப் பின்னால் தொங்கவிட்ட பச்சைத் திரையாகவே வந்துபோனது. உண்மையில் அது வருடத்தில் பாதி நாள் பச்சையாகவே இருப்பதில்லை. கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், ஹனூர் தாண்டி, மலையடிவாரமான தாளபெட்டாவுக்கு முன்னால் இருக்கும் ஊர் கௌதள்ளி. சுற்றிலும் இலையுதிர் காடு. சிவராத்திரி நெருங்கும்போது மரங்கள் மொட்டையாகி, பாறைகள் வெயிலில் காய்ந்து, ராகி அறுத்த தாள் மட்டும் நிலத்தில் நிற்கும். சித்திரை, வைகாசியில் இடியோடு ஒரு மழை. பிறகு ஐப்பசியை ஒட்டி ஒரு மழை. கேரளத்தை நனைக்கும் பெருமழைக்கு இந்தப் பக்கம் வந்துசேரும் வழக்கமில்லை. இப்படிப்பட்ட ஒரு வெக்கை நிலத்தின்மீது வாழ்நாள் முழுக்கப் பற்று வைத்தவர்கள் இரண்டு மொழிகளிலும் இருக்கிறார்கள். அந்தப் பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் நம் காலத்தில் அது மெல்லப் பட்டாவாக மாறிக்கொண்டிருக்கிறது. ஊரின் வரலாற்றைப் பேச வாயெடுத்தாலே ‘யாருக்குச் சொந்தம்’ என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. இந்த வட்டாரத்தின் சான்றுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்கே இங்கே வேலை இல்லை என்பது தெரியும் என்பதுதான் என் வாதம்.

முதலில் விலாசத்தைப் பார்ப்போம். 1930இல் கௌதள்ளியில் பிறந்த ஒரு குழந்தையின் ஊர் மதராஸ் ராஜதானி, கோயம்புத்தூர் மாவட்டம், கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்தது. அந்தக் குழந்தைக்கு 26 வயதானபோது, 1956 நவம்பர் 1 அன்று, தாலுகா முழுவதும் மைசூர் மாநிலத்துக்குப் போய் மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1973இல் மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆனது. 1997இல் மாவட்டம் பிரிந்து சாம்ராஜ்நகர் வந்தது. அண்மையில் தாலுகாவும் பிரிந்து ஹனூர் தனியாயிற்று. இருந்த இடத்தைவிட்டு ஓரடி நகராதவருக்கு இத்தனை விலாசம். இன்னும் பின்னால் போனால், 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு நடந்த பங்கீட்டில் கோயம்புத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனபோதுதான் கொள்ளேகாலும் மதராஸ் கணக்கில் ஏறியது. அதற்கு முன் அது மைசூர் அரசின் நிலம். ஆக, 1956இல் தமிழகம் ‘இழந்தது’ என்று மேடையில் சொல்லப்படுகிற நிலம், அதற்கு 157 ஆண்டுகளுக்கு முன் மைசூர் ‘இழந்த’ நிலம். இரண்டு இழப்புகளும் அரசுகளின் கணக்கு. ராகி விதைத்தவருக்கு வரி கட்டும் கச்சேரி மாறியது, அவ்வளவுதான்.

இந்த வட்டாரத்தை ஒரு மாநிலத்தின் விளிம்பாகப் பார்க்கிற பழக்கம் புதியது. அதற்கு முன் இது ஒரு வழி. மைசூர்ப் பீடபூமியிலிருந்து காவிரிச் சமவெளிக்கு இறங்க இருந்த கணவாய்களில் காவேரிபுரம் கணவாய் முக்கியமானது. மேலே கொள்ளேகால், ஹனூர், கௌதள்ளி. கீழே இன்றைய மேட்டூருக்குப் பக்கத்தில் காவேரிபுரம். தாரமங்கலத்துக் கெட்டி முதலிகள் காவேரிபுரத்தில் கோட்டை வைத்திருந்ததும், பதினேழாம் நூற்றாண்டில் மைசூர் உடையார்கள் அவர்களோடு மோதியதும் இந்த வழிக்காகத்தான். முதல் மைசூர்ப் போரில் (1767–69) ஹைதர் அலியும் கம்பெனிப் படையும் இதே வழிக்காக அடித்துக்கொண்டார்கள். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கம்பெனி புதிதாகப் பிடித்த நாட்டில் என்ன விளைகிறது, யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவர அனுப்பப்பட்டார். சிவசமுத்திரம் அருவிகளைப் பார்த்துவிட்டு அவர் தெற்கே இறங்கியது சிங்காநல்லூர், ஹனூர், கௌதள்ளி, காவேரிபுரம் என்ற வரிசையில்தான். 1807இல் லண்டனில் மூன்று பாகங்களாக வந்த அவருடைய பயண நூலில் கௌதள்ளியும் ஒரு தங்கல். அந்த வழியின் கீழ்முனையில் இப்போது மேட்டூர் நீர்த்தேக்கம் நிற்கிறது. 1934இல் அணை முடிந்தபோது ஊர்களும் நிலங்களும் நீருக்குள் போயின. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பரிசல் துறையில் முதலில் ஒரு தேவாலயக் கோபுரத்தின் உச்சி தெரியும். இன்னும் இறங்கினால் ஒரு நந்தியின் தலை. சேறு காய்ந்து வெடித்துக் கிடக்கும் தரையில் நடந்துபோய் மக்கள் அந்தக் கல்நந்திக்கு மாலை போட்டுவிட்டு வருவார்கள். கர்நாடகத்தில் நல்ல மழை பெய்தால் நந்தி மூழ்கும், பெய்யாவிட்டால் எழும். இரு மாநிலக் காவிரிச் சண்டையை இவ்வளவு எளிய மானியில் வேறெங்கும் பார்க்க முடியாது.

ஊர்ப் பெயர்களுக்கு வருவோம். சொல் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் காலப்போக்கில் ஹகரமானது. பத்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு மெல்ல மெல்ல நடந்த மாற்றம் இது. பால் ஹாலு ஆயிற்று, புலி ஹுலி ஆயிற்று, புகை ஹொகெ ஆயிற்று. பள்ளி ஹள்ளி ஆயிற்று. கௌதள்ளியின் வாலில் இருப்பதும் தருமபுரிப் பக்கத்து நூறு ‘பள்ளி’களின் வாலில் இருப்பதும் ஒரே குடும்பத்துச் சொற்கள்தான். ஒகேனக்கல்லில் பரிசலேறும் சென்னைவாசி தான் ஒரு கன்னடச் சொல்லை உச்சரிக்கிறோம் என்று நினைப்பதில்லை. அந்தப் ‘புகைக்கல்’ தமிழாகவே பழகிவிட்டது. ஹனூர்ப் பக்கத்து ஒடேயர்பாளையா, சந்தனபாளையா, ஜல்லிபாளையா என்ற பெயர்களில் நம் பாளையம் மகரத்தை உதறிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. பெயர்களில் இருப்பது கல்வெட்டிலும் இருக்கிறது. கங்கர்களின் தலக்காடு பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கைக்கு வந்தது. கங்கபாடிக்கு முடிகொண்டசோழ மண்டலம் என்ற பெயர் விழுந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலக்காட்டைப் பிடித்து ‘தலக்காடு கொண்டவன்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டான். சோழ மண்டலம் போயிற்று, கொள்ளேகாலுக்குப் பக்கத்தில் முடிகொண்டம் என்ற ஊர்ப்பெயர் மட்டும் இன்றும் இருக்கிறது. தென் கர்நாடகத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள கோயில்கள் பல உண்டு. ஆனால் பி. எல். ரைஸ் மைசூர் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளைத் தாலுகா தாலுகாவாகத் தொகுத்து வெளியிட்டபோது கொள்ளேகால் மதராஸில் இருந்தது. ஆகவே அவருடைய மைசூர்த் தொகுதிகளில் அதற்கு இடமில்லை. மதராஸ் பக்கத்திலோ அது கோயம்புத்தூரின் வடக்கு மூலை, காய்ச்சல் காடு. இரண்டு வீட்டுக் கல்யாணத்திலும் பந்திக்கு அழைக்கப்படாத உறவினர் போல இந்தத் தாலுகா நெடுநாள் நின்றது.

தெய்வத்தைத் தொடாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது. கன்னடத்தில் மலே மஹதேஸ்வரர், மாதப்பா, தமிழில் மாதேஸ்வரன். பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரசைவத் துறவி என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். பக்தருக்கு அவர் சிவனே. அவர் கதையைப் பாடுகிறவர்கள் தேவரகுட்டர்கள். அவர்கள் கையில் இருக்கும் கருவி கம்சாளே: இடது உள்ளங்கையில் கிண்ணம் போல் குழிந்த ஒரு வெண்கலத் தாளம், வலது கையில், நூல்குஞ்சம் கட்டிய தட்டையான இன்னொன்று. அந்தக் குஞ்சத்தைப் பிடித்துத் தட்டைச் சுழற்றி வீசி, தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னாலும் கொண்டுபோய், தாளம் தப்பாமல் கிண்ணத்தில் வந்து விழச் செய்வார்கள். பாட்டு இரவெல்லாம் ஓடும். அந்த நெடுங்கதையைப் பி. கே. ராஜசேகரா போன்ற நாட்டாரியல் அறிஞர்கள் கேட்டெழுதி நூலாக்கினார்கள். கதையில் மாதேஸ்வரர் இந்த மண்ணின் பிள்ளையாக வருவதில்லை. வடக்கிலிருந்து வருகிறார், சுத்தூர் மடத்தில் ராகி அரைக்கிறார், புலிமேல் ஏறி ஏழு மலைக்கு வந்துசேர்கிறார். சிரவணன் என்ற அசுரனை அவர் முடிப்பது ஆயுதத்தால் அல்ல. செருப்புத் தைக்கும் ஹரளய்யாவிடம் சொல்லி மெழுகில் ஒரு ஜோடி செய்யச் சொல்கிறார், சூடேறிய பாறையில் மெழுகு உருகி அசுரன் காலைப் பிடித்துக்கொள்கிறது. வெக்கையையே ஆயுதமாக்கிய கதை இப்படியொரு நிலத்தில்தான் பிறக்கும். இந்தக் கதை எல்லைக் கோட்டில் நிற்கவில்லை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு மாவட்டங்களில் வாக்காளர் பட்டியலைப் புரட்டினால் மாதையன், மாதப்பன், மாதம்மாள், மாதேஷ் என்று பெயர்கள் வரிசைகட்டும். சிவராத்திரிக்குக் கனகபுரா பக்கமிருந்து காவிரியைக் கடந்து நடந்து வருகிறவர்கள் தாளபெட்டாவில் ஏறத் தொடங்குவார்கள். மேட்டூர், கொளத்தூர் பக்கமிருந்து பாலாறு வழியாக வருகிறவர்கள் எதிர்ப்புறமிருந்து ஏறுவார்கள். மேலே போய் எல்லோரும் போடுவது ‘உகே உகே’ என்ற ஒரே கோஷம். அதற்கு மொழிபெயர்ப்பு யாரும் கேட்டதில்லை.

இதன் மறுபாதி எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. நம்மவர்கள் அதைப் பேசுவது குறைவு. 1956இல் கொள்ளேகால் போனபோது தாளவாடி தமிழகத்தோடு தங்கியது. அங்கே வீட்டு மொழி பெரும்பாலும் கன்னடம். நடிகர் ராஜ்குமார் 2000 ஜூலை 30 இரவு வீரப்பனால் கடத்தப்பட்ட தொட்டகாஜனூர் அந்தத் தாளவாடிப் பக்கத்து ஊர். கன்னட நாட்டின் பெருங்கலைஞருடைய பூர்வீக வீடு தமிழ்நாட்டில் இருப்பது அந்த 108 நாட்களில்தான் பலருக்கும் தெரிய வந்தது. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில், செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு நிற்கிற பர்கூர் மாடுகளை வளர்த்துக் காப்பாற்றியவர்கள் கன்னடம் பேசும் லிங்காயத்துகள். தமிழகத்தின் பெருமை என்று நாம் சுவரொட்டி அடிக்கும் இனம் அது. ஆலம்பாடி மாட்டின் கதையோ தலைகீழ். பெயர் கொடுத்த ஆலம்பாடி காவிரிக் கரையில் பழைய கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்த ஊர். அந்த இனத்தைப் பாதுகாக்கும் முயற்சிக்கு முன்கை எடுத்தது தருமபுரி. பட்டும் இப்படித்தான். மதராஸ் ராஜதானியின் பட்டுப்புழு வளர்ப்புக்குக் கொள்ளேகால்தான் மையம். அது போன பிறகு தமிழகம் தாளவாடியிலும் ஓசூர்ப் பக்கத்திலும் மல்பெரியைப் பரப்பி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் காஞ்சிபுரத்துத் தறிகளுக்குப் போகும் கச்சாப் பட்டில் பெரும்பங்கு கர்நாடகத்துக் கூடுகளிலிருந்து நூற்றது. கல்யாணப் புடவையின் இழையிலேயே எல்லை இல்லாதபோது, அதை வைத்து என்ன எல்லை போடுவது?

இங்கே இரு தரப்புக்கும் பிடிக்காத சான்றுகளையும் சொல்லியாக வேண்டும். பற்று உண்மையானதா என்று சோதிக்க எனக்குத் தெரிந்த வழி, தன் பக்கத்துக்கு எதிரான சான்றை எடுத்து மேசைமேல் வைக்கிறதா என்று பார்ப்பது. தமிழ்ப் பக்கத்துக்கு: 1953இல் அமைந்த மாநில மறுசீரமைப்புக் குழு கொள்ளேகாலை மைசூருக்குக் கொடுக்கச் சொன்னது சூழ்ச்சி அல்ல, தாலுகாவில் கன்னடம் பேசுவோரே பெரும்பான்மை. கொங்கு மண்டலத்தின் எல்லை சொல்லும் பழைய தமிழ் வழக்கிலேயே வடக்கெல்லை பெரும்பாலை. அது தருமபுரி மாவட்டத்து ஊர். கோவைகிழார் ராமச்சந்திரன் செட்டியார் கொங்கு நாட்டு வரலாறு எழுதிய 1954இல் கொள்ளேகால் கோயம்புத்தூரில்தான் இருந்தது. ஆனால் மாவட்டம் வேறு, நாடு வேறு என்ற வேறுபாடு அந்தத் தலைமுறைக்குத் தெரியும். கன்னடப் பக்கத்துக்கு: 1956இல் வந்தது வெறும் நிலம் மட்டுமல்ல, ஒன்றரை நூற்றாண்டு மதராஸ் வாழ்வும் சேர்ந்துதான் வந்தது. சிவசமுத்திரத்தில் காவிரியின் குறுக்கே 1830களின் தொடக்கத்தில் கல் தூண்களை நட்டுப் பாலம் கட்டியவர் திருவேற்காடு ராமசாமி முதலியார் என்ற ஜாகீர்தார். இரண்டு பாலங்களில் ஒன்றுக்கு மதராஸ் கவர்னர் லஷிங்டனின் பெயர். மார்ட்டள்ளியின் தமிழ்க் கிறிஸ்தவர்களும் கோபிநத்தத்தின் தமிழ்க் குடியானவர்களும் நேற்று லாரி ஏறி வந்தவர்கள் அல்ல. இவர்களுக்கெல்லாம் முன்னால் காட்டில் இருந்த சோளிகர்களின் பேச்சு, எந்த மாநிலத்தின் ஆட்சிமொழியிலும் முழுதாக அடங்காது. அவர்களைக் கேட்டால் நாமெல்லாருமே வந்தேறிகள். வந்தவர்கள் என்ற பட்டியலை மூடவும் முடியாது: 1970களில் திபெத்திய அகதிகளுக்கு ஒடேயர்பாளையாவில் குடியிருப்பு அமைந்தது. பனி நாட்டுக்காரர்கள் இந்த வெக்கையில் மக்காச்சோளம் விதைத்து அரை நூற்றாண்டு ஆகிறது. அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு ஊர் என்றால் அதுதான்.

‘பற்று உள்ளவன் சாட்சிக்கூண்டில் ஏறக்கூடாது’ என்று ஒரு தடை எழும். நியாயமான தடைதான். இந்த வட்டாரத்தை உயிருக்குயிராக நேசித்து எழுதிய வெள்ளைக்காரர்களே உதாரணம். யானை பிடிக்கும் கெட்டாவைச் சாம்ராஜ்நகர்ப் பக்கம் 1870களில் நடத்திய சாண்டர்சன், 1878இல் தன் பதின்மூன்று ஆண்டுக் காட்டு வாழ்க்கையை நூலாக்கினார். அடுத்த நூற்றாண்டில் கென்னத் ஆண்டர்சன் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி இதே காடுகளில் அலைந்து அலைந்து எழுதினார். இருவருடைய அன்பும் பொய்யல்ல. ஆனால் அந்தப் பக்கங்களில் யானைக்குக் குணம் இருக்கிறது, புலிக்குப் பெயர் இருக்கிறது. மனிதர்கள் பெரும்பாலும் தடம் காட்டுகிறவர்களாக, மூட்டை தூக்குகிறவர்களாக வந்துபோகிறார்கள். பற்று எதைப் பார்க்கிறதோ அதைக் கூர்மையாகப் பார்க்கும், மற்றதை மறைத்துவிடும். நம்முடைய மொழிப்பற்றும் இதே நோய்க்கு ஆளானதுதான். ஆனால் இதற்கு மருந்து பற்றைத் துறப்பதா? பற்றில்லாத எவர் இந்தத் தாலுகாவின் கல்வெட்டைத் தேடி முள்ளில் நடக்கப் போகிறார்? கொங்கு நாட்டுச் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்த புலவர் செ. இராசுவை அலையவைத்தது சம்பளம் மட்டும் அல்ல. மாஸ்தி வெங்கடேச அய்யங்காரின் வீட்டு மொழி தமிழ். கன்னடம் அவரை ‘கன்னடத்தின் சொத்து’ என்று கொண்டாடியது. பற்று பிறப்பு மொழியோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை என்பதற்கு மைசூர்ச் சீமையில் சான்று மலிவு. பற்று ஆளைத் தேடலுக்கு அனுப்பட்டும்; தீர்ப்பைச் சான்று சொல்லட்டும்.

இன்னொரு தடை இதைவிடக் கூர்மையானது: ஆறிய புண்ணைக் கிளறாதே என்பது. நவம்பர் 1 கர்நாடகத்தில் ராஜ்யோத்சவம். தமிழகத்தில் 2021 முதல் அதே நாள் எல்லைப் போராட்டத் தியாகிகளை நினைக்கும் நாள். ஒரே தேதியில் ஒரு வீட்டில் மேளம், அடுத்த வீட்டில் நினைவஞ்சலி. பெலகாவிக்காக மகாராஷ்டிரம் உச்ச நீதிமன்றம் போனது 2004இல். இழுபறி இன்னும் ஓயவில்லை. கொள்ளேகாலுக்கும் அப்படியொன்று வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். 1956இன் கோடு முடிந்த விஷயம். அதைத் திருத்தச் சொல்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பேசாமல் இருந்ததால் அமைதி வந்ததா என்றும் கேட்க வேண்டும். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டிக் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது யாரும் வரலாறு படித்துவிட்டுக் கல் எறியவில்லை. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்த பிறகு, வீரப்பன் வேட்டை என்ற பெயரில் இரு மாநில அதிரடிப்படைகளும் எல்லையோர ஊர்களில் நடத்திய கொடுமைகளை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. சித்திரவதை நடந்த முகாமுக்கு ‘ஒர்க்‌ஷாப்’ என்றே பெயர். அது இருந்தது மாதேஸ்வரன் மலையில். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் 2004இல் வந்திராவிட்டால் அந்த இருட்டு தமிழ் வாசகர்களுக்கு இந்த அளவுக்குத் தெரிந்திருக்காது. அங்கே அடிபட்டவர்களில் தமிழரும் உண்டு, கன்னடரும் உண்டு, சோளிகரும் உண்டு. ‘நம்மவர்’ பட்டியல் போட்டுப் படிக்கிறவர்களுக்கு அந்த வரலாறு பாதிதான் தெரியும்.

‘சோற்றுக்கு ஆகுமா இந்த வரலாறு’ என்று மூன்றாவதாக ஒரு கேள்வி வரும். தண்ணீரும் சாலையும் ஆசுபத்திரியும் கேட்கிற ஊரில் கல்வெட்டும் கம்சாளேயும் எதற்கு? இதற்குப் பதில் ஒரு சட்டப் பிரிவில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, பழங்குடிப் பட்டியலில் இல்லாத காட்டோரக் குடிகள் தங்கள் நிலத்துக்கு உரிமை கோர வேண்டுமென்றால், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்பது சட்டத்தின் கணக்கு. ஆக 75 ஆண்டு. கழித்துப் பார்த்தால் வருவது 1930. அந்த ஆண்டில் ஹனூர்ப் பக்கத்துக் காட்டோர ஊர் ஒவ்வொன்றும் மதராஸ் ராஜதானியின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. காட்டுக்குக் காப்புக்காடு என்று எல்லைக்கல் நட்டதும், நிலத்துக்குத் தீர்வை போட்டதும், மேய்ச்சலுக்குச் சீட்டுக் கொடுத்ததும் மதராஸ் அரசின் இலாகாக்கள். கர்நாடகத்தில் விண்ணப்பம் போடுகிறவருக்கு வேண்டிய பழைய தாளின் தடம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தை நோக்கிப் போகிறது. இன்று மாதேஸ்வரன் மலை வனவிலங்கு சரணாலயம் 900 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கிறது. அதன் உள்ளும் ஓரத்திலும் ஊர்கள் இருக்கின்றன. பிளிகிரிரங்கன் மலையில் சோளிகர்கள் 2011இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமுதாய வன உரிமை பெற்றது நாட்டுக்கே முன்னுதாரணம். பழங்குடி என்பதால் அவர்களுக்கு 75 ஆண்டுக் கெடு இல்லை. பக்கத்து ஊரில் மாடு மேய்க்கும் லிங்காயத்துக்கோ தமிழ்க் குடியானவருக்கோ உண்டு. தாத்தா எங்கே தீர்வை கட்டினார் என்பது இவர்களுக்குப் பழம்பெருமைப் பேச்சல்ல, வழக்குக் கட்டில் இருக்க வேண்டிய காகிதம். எல்லை மாறியபோது மக்கள் மாறவில்லை என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். காகிதங்கள் எங்கே தங்கின என்று எழுபது ஆண்டுகளாகப் பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

எனவே பற்றுள்ளவர்களிடம் கேட்க வேண்டியது முழக்கம் அல்ல, வேலை. கல்வெட்டு விஷயத்தில் ஒரு முன்மாதிரி ஏற்கெனவே நடந்திருக்கிறது, பாதி சரியாக, பாதி தவறாக. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் ஊட்டியிலிருந்து மைசூருக்கு மாறியது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் மூட்டையாக அங்கே போயின. அவை கவனிப்பின்றி அழிகின்றன என்று தொடுக்கப்பட்ட வழக்கில், அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மைப்படி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை சரி. ஆனால் அன்று தமிழ் ஊடகங்களில் ஓடிய விவாதத்தில் பாதிக்கு மேல் ‘நம் சொத்து அவர்களிடம்’ என்ற தொனி. ஒரு தாளைப் பெட்டியோடு தூக்கி இன்னொரு ஊருக்குக் கொண்டுபோவதுதான் தீர்வு என்றால், கொள்ளேகால் தாலுகாவின் மதராஸ் காலத்துப் பதிவேடுகளை எழும்பூரிலிருந்து பெங்களூருக்கு அனுப்பச் சொல்லி அவர்களும் கேட்கலாமே. ஒளிவருடிப் படியெடுத்து இரண்டு பக்கமும் வைப்பதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. ஒரு காப்பகம் இன்னொன்றுக்குக் கடிதம் எழுதினால் போதும். எழும்பூரில் கொள்ளேகால் தாலுகா சம்பந்தப்பட்ட தீர்வை, வனம், வருவாய்த் தாள்களின் ஒரு பட்டியலும், அவற்றின் படிகளும் சாம்ராஜ்நகர் மாவட்ட அலுவலகத்தில் இருக்கட்டும். தாளவாடி, பர்கூர்ப் பக்கத்து மாதேஸ்வரன் பாட்டுகளையும் கதைகளையும் கன்னட நாட்டாரியல்காரர்களும் தமிழ் நாட்டாரியல்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து பதிவு செய்யட்டும். கொள்ளேகால் வரலாற்றைக் கன்னடத்தில் எழுதுகிறவர் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை நிக்கல்சன் 1887இல் எழுதியபோது அதில் கொள்ளேகால் இருந்ததை மறக்காமல் புரட்டட்டும். தமிழில் எழுதுகிறவர் மலே மஹதேஸ்வர காவியத்தைக் கன்னடம் தெரிந்த ஒருவரின் துணையோடு ஒருமுறையாவது கேட்டுவிட்டு எழுதட்டும்.

இதில் முதலில் செய்ய வேண்டியது அந்தப் பட்டியல். கௌதள்ளிப் பக்கத்துக் காட்டோரக் குடியானவர் ஒருவர் தன் வன உரிமை மனுவுக்காக இன்றைக்கு 1930க்கு முந்தைய ஒரு தீர்வை ரசீதின் மூலத்தைத் தேட வேண்டுமானால், ஹனூரில் யாரைக் கேட்பது என்று தெரியாது, கோயம்புத்தூரில் யாரைக் கேட்பது என்றும் தெரியாது. எழும்பூருக்குப் போனால் எந்தக் கட்டு, எந்த எண் என்று கேட்பார்கள். அதுவும் தமிழில்.